கியர்ப்பெட்டி மாற்றத்தில் முனைப்போதிகை

மலர்க் குழுவார் கட்டுரை வேண்டியவிடத்து, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து இலக்கணமோ காப்பியமோ பற்றிய கட்டுரையே வருமென எண்ணியிருப்பர். யாம் எழுதத் துணிந்ததோ மோட்டார் ஊர்தியின் உள்ளே எவர் கண்ணுக்கும் புலப்படாது கிடக்கும் சிற்றுறுப்பொன்றைப் பற்றியாகும். இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அவ்வுறுப்பை யாம் இகழ்ந்தமையால் நேர்ந்ததோர் இடர். அதனைப் பின்னர்க் கூறுவோம். மற்றொன்று, 2013 ஆம் ஆண்டில் க.பொ.த. உயர்தர வகுப்பிலே தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பெற்றபின், எம் மாணவர் பலர் பொறிகளைப் பற்றித் தமிழிலே பயின்று தமிழிலே விடை எழுதி வருகின்றனர். பட்டறையில் நிகழும் நுண்ணிய வேலையொன்றை அடிமுதல் முடிவரை தமிழிற் சொல்லுதல் இயலுமோ என எம்மை யாமே சோதித்துப் பார்க்கவும் விரும்பினோம்.

பெயர்

இவ்வுறுப்பை அமெரிக்கர் பைலற் பெயாரிங் என்பர். ஆங்கிலேயர் ஸ்பிகற் புஷ் என்பர். எம்மூர்ப் பட்டறைகளிலே 'பைலற் புஷ்' என்னும் கலப்புப் பெயரையும் கேட்கலாம். பைலற் என்பான் துறைமுகத்தின் வாயிலிற் கப்பலேறி அதனை நேரிய வழியில் உள்ளே கொண்டு செல்வோன். பழந்தமிழர் அவனொத்தோனை மீகாமன் என்றனர். பெயாரிங் என்பதற்கு எம் பாடநூல்கள் போதிகை என்னும் சொல்லை வழங்குகின்றன. கோயில் மண்டபத்திலே தூணின் தலையிலமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் உறுப்பே போதிகை. அசையாக் கல்லைத் தாங்கிய சொல் இன்று சுழலும் தண்டைத் தாங்குகின்றது; சொல்லுக்கு இதனால் இழுக்கில்லை.

'மீகாமப் போதிகை' என்று சொல்ல எமக்கு ஆசையுண்டு. ஆயினும் ஓசையினிமை கருதிப் பொருட்டெளிவை இழத்தல் ஆகாது. தண்டொன்றின் முனையைத் தாங்குவதே இதன் தொழிலாதலின், இக்கட்டுரையில் இதனை முனைப்போதிகை என வழங்குவோம். இஃது எமது ஆக்கம். இதனினும் தக்க சொல் கிடைப்பின் மகிழ்ந்து ஏற்போம்.

தொழில்

முனைப்போதிகையின் இடத்தை அறிய, எஞ்சினின் வலு சக்கரத்தை அடையும் வழியை அறிதல் வேண்டும். எஞ்சின் முன்னே, அதன்பின் கிளச், அதன்பின் கியர்ப்பெட்டி, இறுதியிற் பின்சில்லுகள் என்னும் ஒழுங்கு பிரான்சு நாட்டுப் பனாட் லெவாசர் நிறுவனத்தாரால் 1891 இல் அமைக்கப்பெற்றது. எம் நாட்டார்க்கு நன்கு பழக்கமான மொறிஸ் மைனரும் இவ்வொழுங்கினதே. அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த இக்கார் 1948 இல் இலண்டனில் முதன்முதற் காட்சிக்கு வைக்கப்பெற்றது. 1990களில் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வாராதிருந்த காலத்தில், சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பிப் பின் மண்ணெண்ணெயில் ஓடி எம்மவரைக் காத்தவற்றுள் இதுவும் ஒன்று. ஆதலின் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

எஞ்சினின் கிராங் தண்டு தன் பின்முனையிற் பறப்புச்சில்லைத் தாங்குகின்றது. கிளச்சுத் தட்டானது அச்சில்லோடு அழுத்தப்பெற்றுச் சுழல்கின்றது. அத்தட்டின் நடுத்துளையிலுள்ள பற்களிற் செருகி நிற்பது கியர்ப்பெட்டியின் முதற்றண்டு. இத்தண்டின் பின்பகுதியைக் கியர்ப்பெட்டியின் முன்சுவரிலுள்ள குண்டுப்போதிகை தாங்குகின்றது. அச்சுவருக்கு முன்னே தண்டு வெறுவெளியில் நீண்டு, கிளச்சை ஊடறுத்து, மெலிந்த மூக்குப் போன்ற முனையோடு முடிகின்றது. நெடிய மூங்கிலொன்றை ஒரு தலையில் மாத்திரம் பற்றி நீட்டினால் மறுதலை ஆடும். அங்ஙனம் ஆடாவண்ணம், கிராங் தண்டின் பின்முனையில் நட்டநடுவே குடைந்த துளையினுள் சிறு வளையமொன்றைப் பதித்து, அதனுள் தண்டின் மூக்கை நுழைத்து வைத்தனர். அவ்வளையமே முனைப்போதிகை.

ஈண்டு மாணவர் கூர்ந்து நோக்கத்தக்கதொன்று உண்டு. ஊர்தி ஓடும்போது, கிளச்சு பற்றியிருத்தலின், கிராங் தண்டும் முதற்றண்டும் ஒரே வேகத்திற் சுழல்கின்றன. ஆதலால் வளையத்திற்கும் மூக்கிற்கும் இடையே உராய்வு சிறிதுமில்லை. நூறு மைல் ஓடினும் இப்போதிகை பெரும்பாலும் ஓய்ந்தே கிடக்கின்றது. கிளச்சு மிதியை அழுத்தும்போதோ எஞ்சின் சுழல, முதற்றண்டு தளர்ந்து நிற்க, இரண்டுக்கும் இடையே வேகவேறுபாடு தோன்றுகின்றது. அப்பொழுதே போதிகைக்கு வேலை. சந்தியிலே முதற்கியரை இட்டு மிதியை மிதித்தபடி காத்திருக்கும் சாரதி, தான் அறியாமலே இச்சிற்றுறுப்பைத் தேய்க்கின்றான். நிற்குங்காற் கியரை விடுவித்து மிதியிலிருந்து காலை எடுத்தல் நன்று. மைனரிற் கிளச்சை விடுவிக்கும் வளையமும் கரியினாலானது ஆகையால், மிதியிற் காலை வைத்தே ஓட்டும் பழக்கம் அதற்கும் கேடாம்.

தேரின் அச்சாணியை வள்ளுவர் எடுத்தாண்டமை நினைவு கூர்ந்து, இதுவும் அச்சாணி போல்வதோ என மாணவனொருவன் எம்மை வினவினான். சிறுமையால் இரண்டும் ஒக்கும், தொழிலால் வேறு. அச்சாணி சில்லு கழன்றோடாது தடுப்பது. அது கழன்றவுடனே தேர் விழும். முனைப்போதிகை கெட்டாலோ ஊர்தி உடனே நிற்பதில்லை. பல நாள் ஓடும். ஓடி ஓடித் தன்னைச் சூழ்ந்தவற்றைக் கெடுக்கும். ஆகவே இதன் கேடு பிறிதொன்றின் கேடாகத் தோன்றி எம்மை மயக்குகின்றது.

கேட்டின் குறிகள்

கேடு இருவகைப்படும். போதிகை தேய்ந்து அகன்றுவிடின், தண்டின் மூக்கு அதனுள் ஆடும். அதனாற் கிளச்சு பற்றும்போது ஊர்தி அதிரும். கிளச்சுத் தட்டின் பற்கள் தேயும். நாளடைவிற் கியர்ப்பெட்டியின் முன்போதிகையும் பழுதுறும். போதிகை வறண்டு மூக்கைக் கவ்விக்கொள்ளின், மிதியை முற்ற அழுத்தினும் முதற்றண்டு நில்லாது எஞ்சினோடு சேர்ந்து சுழலும். அதனாற் கியர் விழாது. பின்செல் கியரை இடும்போது பற்கள் நறநறவென ஒலிக்கும்.

ஒலியைக் கொண்டு பழுதின் இடத்தை ஒருவாறு உய்த்துணரலாம். கியரின்றி, காலை எடுத்தபடி எஞ்சின் ஓடுகையில் எழும் ஒலி கியர்ப்பெட்டியின் முன்போதிகையைச் சுட்டும். மிதியை மெல்லத் தொட்ட அளவில் எழும் ஒலி விடுவிக்கும் போதிகையைச் சுட்டும். மிதியை முற்ற அழுத்தி, கியரை இட்டு, ஊர்தியை நிறுத்தி வைத்திருக்கையில் எழும் ஒலி முனைப்போதிகையினது என ஐயுறலாம். ஐயந்தான், திறந்து பார்த்தாலன்றித் துணிபு இல்லை.

இனங்கள்

முனைப்போதிகை மூவினமாக வரும். முதலாவது வெண்கல வளையம். மைனரில் உள்ளது இது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்களவு செம்பும் பத்துப் பங்களவு வெள்ளீயமும் கொண்ட தூளை அச்சிலிட்டு அழுத்திச் சூடேற்றி இதனைச் செய்வர். உலோகத்தை உருக்கி வார்க்காமையால் இதன் உடலெங்கும் கண்ணுக்குத் தெரியா நுண்டுளைகள் உள. இதன் கன அளவில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு எண்ணெயை அத்துளைகள் ஏந்தி நிற்கும். சூடேறும்போது எண்ணெய் கசிந்து மூக்கை நனைக்கும். ஆறும்போது மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும். அமெரிக்காவிலே கிறைஸ்லர் நிறுவனத்தார் 1930 அளவில் இவ்வகை வளையத்தை ஒயிலைற் என்னும் பெயரால் வழக்கிற்குக் கொணர்ந்தனர்.

இரண்டாவது ஊசி உருளைப் போதிகை. ஊசி போன்ற மெல்லிய உருளைகள் நிரையாக அமைந்தது. நன்கு கடினமாக்கப்பெற்ற மூக்கையே இது வேண்டும். மூன்றாவது குண்டுப்போதிகை, யப்பானிய ஊர்திகள் பலவற்றில் உண்டு. ஓர் இனத்திற்கு உரிய முறை மற்றோர் இனத்திற்கு ஆகாது. வெண்கல வளையத்திற்கு எண்ணெயே உணவு. கிறீஸ் பூசினால் நுண்டுளைகள் அடைபடும். ஊசிப் போதிகைக்கோ வெப்பந்தாங்கும் கிறீஸ் சிறிதளவு வேண்டும். மிகுதியாக இட்டால் அது சிதறிக் கிளச்சுத் தட்டிற் படிந்து வழுக்கச் செய்யும்.

அளத்தல்

பழைய கியர்ப்பெட்டியை நீக்கிப் பிறிதொன்றைப் பூட்டுவோர், பூட்டுமுன் மூன்று அளவுகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, புதிய பெட்டியின் மூக்கினது விட்டம். வளையத்தின் உட்டுளை அதனிலும் ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொன்று முதல் ஆயிரத்தில் மூன்று வரை அகன்றிருத்தல் பொதுவாகத் தகும். இரண்டாவது, வளையத்தின் வெளிவிட்டம். அது கிராங் தண்டின் துளையினுள் இறுகப் பொருந்த வேண்டும். மூன்றாவது, நீளம். எஞ்சினோடு பொருந்தும் விளிம்பிலிருந்து மூக்கு எவ்வளவு நீண்டுள்ளது என்பதையும், எஞ்சினின் பின்முகத்திலிருந்து வளையம் எவ்வளவு உள்ளே உள்ளது என்பதையும் நேர்சட்டம் வைத்து அளந்து ஒப்பிட வேண்டும். மூக்கு குறுகினால் வளையத்தை எட்டாது. வளையம் இருந்தும் பயனில்லை. மூக்கு நீண்டால் துளையின் அடியில் முட்டிக் கிராங் தண்டை முன்னே தள்ளும். அதனால் அத்தண்டின் நகர்வைத் தடுக்கும் வளையங்கள் தேய்ந்தொழியும்.

ஒரே இனப் பெட்டியாயின் இவ்வளவுகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். ஆயினும் மைனருக்குள்ளேயே வேறுபாடு உண்டு. 803, 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின்கள் 6¼ அங்குலக் கிளச்சையும், 1962 இல் வந்த 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 7¼ அங்குலக் கிளச்சையும் உடையன. இங்கிலாந்திலே போர்ட் சியராவின் ஐந்து கியர்ப் பெட்டியை மைனரிற் பொருத்துவார் பலர். இங்ஙனம் பிறவினப் பெட்டியைப் பூட்டுங்கால், அதன் மூக்கிற்கும் இவ்வெஞ்சினின் துளைக்கும் இணக்கமான வளையத்தைத் தேடிப்பெறவோ கடைந்து கொள்ளவோ வேண்டும். நுண்டுளை வெண்கலத்தைக் கடைவோர் கூரிய உளியையே கையாளுக. மழுங்கிய உளி துளைகளின் வாயை மெழுகி மூடிவிடும். தானியங்கிக் கியர் பூண்ட ஊர்தியைக் கைக்கியருக்கு மாற்றுவோர்க்கு மற்றுமொரு தொல்லை: அதன் கிராங் தண்டில் முனைப்போதிகை இராது; சிலவற்றில் அதற்குரிய துளையும் செப்பமாகக் கடையப்பெற்றிராது. பெட்டியை விலைக்கு வாங்குமுன்னரே இதனைப் பார்த்தல் அறிவுடைமை.

கழற்றலும் பூட்டலும்

பழைய வளையம் ஒருபுறம் அடைபட்ட துளையுட் கிடத்தலால், பின்னிருந்து தட்டிக் கழற்ற வழியில்லை. பட்டறையார் இதற்குக் கண்ட உபாயம் வியக்கத்தக்கது. வளையத்தின் பின்னுள்ள வெற்றிடத்தைக் கிறீஸால் இடைவெளியின்றி நிரப்புவர். வளையத்தின் உட்டுளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் கோலொன்றை அதனுட் செலுத்திச் சுத்தியலால் தட்டுவர். கோல் உட்புக, இடம் காணாத கிறீஸ் எல்லாத் திசையிலும் ஒத்த அழுத்தத்தோடு தள்ளி, வளையத்தைப் பின்னிருந்து வெளியேற்றும். பாய்பொருளின் அழுத்தம் பற்றிப் பஸ்கால் கூறிய விதியை வகுப்பிற் படித்தோர் அதனை இங்கே கண்ணாற் காணலாம். ஊசிப் போதிகையில் உருளைகளின் இடுக்கால் கிறீஸ் ஒழுகிவிடுதலின், அதற்கு இழுவைக் கருவியே ஏற்றது. தட்டுங்கால் கண்ணுக்குக் காப்பணிதலும், பின்னர்க் கிறீஸ் முழுவதையும் துடைத்தெடுத்தலும் மறக்கலாகாதன.

புதிய வளையத்தை முதல்நாள் இரவே எஞ்சின் எண்ணெயில் ஊறவிடுக. காலம் வாய்க்காதவிடத்து, வளையத்தைப் பெருவிரல்மீது நிறுத்தி, உட்டுளையை எண்ணெயால் நிரப்பி, மற்றொரு விரலால் மேல்வாயை அடைத்து அழுத்துக. வளையத்தின் புறத்தே எண்ணெய் வியர்வைபோல அரும்பும்வரை அழுத்துதல் வேண்டும்.

பூட்டுவதற்குத் தோளுடைய கோலொன்று தேவை. அதன் மெலிந்த முனை வளையத்தின் உட்டுளையை நிரப்பி அது நெரியாது காக்கும். அதன் தோள் வளையத்தின் விளிம்பு முழுவதிலும் சமமாகப் படியும். சுத்தியலால் வளையத்தை நேரே அடித்தல் பெரும்பிழை. விளிம்பு விரிந்து உட்டுளை குறுகும். சாய்ந்து புகினும் அவ்வாறே. துளையைத் துடைத்து, வளையத்தை நேராக நிறுத்தி, சிறுசிறு தட்டாகச் செலுத்தி, உரிய ஆழத்தில் நிறுத்துக. இறுகப் புகுந்த வளையத்தின் உட்டுளை சிறிது சுருங்குதல் இயல்பாதலால், பூட்டியபின் மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும்.

அடுத்து, கிளச்சுத் தட்டை நடுவமைத்தற்கு, முதற்றண்டை ஒத்த போலித் தண்டொன்றைத் தட்டின் வழியே முனைப்போதிகையுட் செருகி, அதன்பின்னரே கிளச்சின் மரையாணிகளைச் சிறிது சிறிதாக, எதிரெதிரே முடுக்குவர். கியர்ப்பெட்டியை ஏற்றுங்கால் அதன் பாரம் முழுவதையும் ஜக்கோ மற்றொருவர் கையோ தாங்கி நிற்றல் வேண்டும். பாரம் முதற்றண்டிற் றொங்கினால் தட்டு வளையும். மூக்கு புதிய வளையத்தைக் கிழிக்கும். பெட்டியின் முகமும் எஞ்சினின் முகமும் கையாற் தள்ளியே ஒன்றையொன்று முட்டவேண்டும். விரலளவு இடைவெளி நிற்க, மரையாணியை முடுக்கி இழுத்துவிடலாமென எண்ணுதல் கூடாது. நில்லாதது ஏன் என்று ஆராய்தலே முறை. மூக்கு வளையத்தின் வாயைக் காணாது அதன் விளிம்பில் முட்டியிருத்தல் கூடும்.

யாம் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் எம் மைனரின் மூன்றாங் கியர்ப் பற்கள் உடைந்தன. கழித்துவிட்ட காரொன்றிலிருந்து அதேயினப் பெட்டி கிடைத்தது. அதனைப் பூட்டுமுன் மெக்கானிக் எம்மை அழைத்து, கிராங் தண்டின் துளைக்குள் விளக்கைப் பிடித்துக் காட்டினார். "சேர், உள்ளுக்குக் கிடக்கிற புஷ்ஷையும் மாத்திப்போட்டுப் பூட்டுவம். எல்லாம் கழட்டித்தானே கிடக்கு" என்றார். புதிய வளையம் கொழும்பிலிருந்து வர நான்கு நாளாகுமென்றும் சொன்னார். எமக்கோ மூன்றாம் நாள் உறவினர் திருமணம். "இவ்வளவு நாளும் ஓடின சாமான்தானே தம்பி, அது கிடக்கட்டும்" என்றோம். அவர் மறுத்தொன்றும் கூறவில்லை. சம்பளம் தருபவர் சொல்லை அவர் எங்ஙனம் மறுப்பார்?

பழைய வளையம் பழைய மூக்கோடு ஒத்துத் தேய்ந்திருந்தது என்பதும், புதிய பெட்டியின் மூக்கு துருவேறிச் சொரசொரத்திருந்தது என்பதும் அன்று எமக்குத் தெரியா. ஐந்து மாதம் ஓடிற்று. பின்செல் கியர் முரண்டியபோது கியர்ப்பெட்டி எண்ணெயைப் பழித்தோம். ஒருநாட் காலை, கல்லூரிக்கு முன்னுள்ள பாதசாரிக் கடவையில், முதற்கியரிட்டு மிதியை முற்ற அழுத்தி நின்றோம். கீழ்ப்பிரிவுச் சிறுவர் வரிசையாகக் கடந்துகொண்டிருந்தனர். மிதி அடிமட்டத்தில் இருக்கவும் ஊர்தி முன்னே நகர்ந்தது. பிரேக்கை உன்றி மிதித்தோம். எஞ்சின் அதிர்ந்து அணைந்தது. கடைசியாகச் சென்ற சிறுவனுக்கும் எம் ஊர்திக்கும் இடையே ஒரு முழமளவே எஞ்சியது. அவன் திரும்பி எம்மைப் பார்த்து, கைகூப்பி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். ஊர்தியிலிருந்து இறங்குவதற்கு எமக்குச் சற்று நேரம் வேண்டியிருந்தது.

திறந்து பார்த்தபொழுது வளையம் கறுத்து மூக்கோடு ஒட்டிக்கிடந்தது. வெண்கலம் மூக்கின்மீது பூச்சாகப் படிந்திருந்தது. முதற்றண்டு பயனற்றுப் போயிற்று. வளையத்தின் விலைக்குப் பன்மடங்கு செலவாயிற்று. அது பணம்; போயின் வரும். அந்த ஒரு முழத்தை யாம் இன்றும் மறந்திலோம். மெக்கானிக் தம்பி எம்மைக் குறைகூறவில்லை. புதிய வளையத்தை எண்ணெயில் இட்டு, "சேர், இண்டைக்குப் பூட்டேலாது. இது விடியுமட்டும் ஊறவேணும்" என்று மட்டும் சொன்னார். அன்று நடந்தே வீடு சென்றோம்.

முடிவுரை

எம் கல்லூரியின் பழைய மாணவருள் பொறியியலாளர் பலருளர். பட்டறைகளில் எண்ணெய்க் கையோடு உழைப்போரும் பலருளர். விழா மேடையிலே முன்னவரின் பெயரே பெரிதும் ஒலிக்கின்றது. யாம் அளவெடுத்தலையும் பொறுத்திருத்தலையும் கற்றது பின்னவரிடத்து. தொழினுட்பம் பயிலும் மாணவர், ஓய்வு நாளொன்றில் இத்தகைய பட்டறைக்குச் சென்று, கிளச்சைக் கழற்றும்போது அருகிருந்து பார்ப்பாராக. கழற்றியபின் முனைப்போதிகையை விரலால் தடவிப் பார்ப்பாராக. கியர்ப்பெட்டியை மாற்றும் பழைய மாணவர், அதனைப் பூட்டுமுன் அவ்வளையத்தையும் மாற்றுவாராக. விழாக்காணும் எம் கல்லூரி மென்மேலும் ஓங்குக.